51 நாள் திட்டம், 91 நாள் படப்பிடிப்பு: 'பிரிங்கிங் அப் பேபி' நிகழ்வு ஆய்வு

1937 செப்டம்பர் 23 அன்று ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் ஒரு நகைச்சுவைப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. இயக்கம் ஹோவர்ட் ஹாக்ஸ். நடிப்பு கேத்தரின் ஹெப்பர்ன், கேரி கிராண்ட், ஒரு நரிவேட்டை நாய், ஒரு சிறுத்தை. 51 நாளில், 7,67,676 டாலருக்குள் முடிப்பதாக ஏற்பாடு. முடிந்தது 1938 ஜனவரி 6 அன்று. படப்பிடிப்பு நடந்தது 91 நாள். செலவு 10,96,796 டாலர்.

முதல் வெளியீட்டில் ஸ்டுடியோவுக்கு 3,65,000 டாலர் நஷ்டம். இயக்குநரின் ஒப்பந்தம் முறிந்தது, நாயகி ஸ்டுடியோவை விட்டே போனார். அதே படத்தை 1990-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். படம் ஏன் தோற்றது, பிறகு எப்படி எழுந்தது என்ற இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: ஹாக்ஸ் வேலை செய்த விதம். பணத்தைத் தின்றதும் படத்தைக் காப்பாற்றியதும் அதுவே.

கதை எங்கிருந்து வந்தது

1937 ஏப்ரலில் 'காலியர்ஸ்' வார இதழில் ஹேகர் வைல்ட் எழுதிய சிறுகதை வெளியானது. ஜூனில் ஆர்.கே.ஓ. அதன் உரிமையை 1,004 டாலருக்கு வாங்கியது. கதையில் டேவிட், சூசன் இருவரும் ஏற்கெனவே நிச்சயம் ஆனவர்கள். டேவிட் விஞ்ஞானி இல்லை. அருங்காட்சியகம் இல்லை, டைனோசர் எலும்புக்கூடு இல்லை, காணாமல் போகும் எலும்பும் இல்லை. அண்ணன் அனுப்பிய 'பேபி' என்ற கருஞ்சிறுத்தையைக் கனெக்டிகட் காட்டில் தொலைத்துவிட்டு, அதற்குப் பிடித்த பாட்டைப் பாடிப் பாடித் தேடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

ஹாக்ஸ் செய்த முதல் நல்ல காரியம், வைல்டை வெறுமனே உரிமை விற்றவராக ஒதுக்காமல் திரைக்கதைக்கே அழைத்துக்கொண்டது. அவருக்குத் திரைக்கதை அனுபவம் கிடையாது. அதனால் அனுபவசாலியான டட்லி நிக்கல்ஸைத் துணை சேர்த்தார். கட்டமைப்பு நிக்கல்ஸின் பொறுப்பு, பாத்திரங்களின் பேச்சு வைல்டின் பொறுப்பு. சூசன் பேசுவதைக் கேட்டால் இந்தப் பங்கீடு எவ்வளவு சரியானது என்று புரியும். எதிராளி சொன்னதன் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு தர்க்கம் கட்டுவாள். அது வாக்கியத்துக்கு வாக்கியம் சரியாகத்தான் இருக்கும். முடிவு மட்டும் பைத்தியக்காரத்தனமாக இருக்கும்.

புதிதாகச் சேர்த்தவற்றில் முக்கியமானது அந்த எலும்பு. பிரான்டோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டை முழுமையாக்க, படத்தில் அருங்காட்சியக விஞ்ஞானியாகிவிட்ட டேவிட் நான்கு வருடமாகக் காத்திருப்பது 'இன்டர்காஸ்டல் கிளாவிக்கிள்' என்ற எலும்புக்காக. விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் காறை எலும்பு என்று அதற்குப் பொருள். அப்படி ஓர் எலும்பு எந்த உயிரினத்துக்கும் கிடையாது. ஆனால் டேவிட்டுக்கு அது உயிர். ஸ்க்ரூபால் எனும் கிறுக்குத்தனமான காதல் நகைச்சுவை வகைப் படத்தின் இலக்கணமே இதில் அடங்கிவிடுகிறது: இல்லாத ஒன்றுக்காக ஒருவர் நூறு சதம் நிஜமாகத் தவிக்க வேண்டும். ஸ்க்ரூபால் என்பது பேஸ்பால் ஆட்டத்தில், வழக்கமான சுழல் பந்து வளையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளையும் பந்து. 1934-ல் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்', ஹாக்ஸின் 'ட்வென்டியத் செஞ்சுரி' ஆகியவற்றுக்குப் பிறகு இந்த வகை ஒரு மோஸ்தராகவே ஆகிவிட்டிருந்தது. அதே ஆண்டு தணிக்கை விதிகளும் கடுமையாயின. காதலர்கள் தொட்டுக்கொள்வதைக் காட்ட முடியாத இடத்தில் துரத்தலும் சண்டையும் விழுந்து எழுவதும் வந்து உட்கார்ந்தன.

எல்லாம் இரண்டிரண்டு

இந்தப் படத்தைப் பைத்தியக்காரக் கூத்து என்று மட்டும் பார்ப்பவர்கள் இதன் இயந்திரத்தைத் தவறவிடுகிறார்கள். திரைக்கதை ஒரே விசையில் ஓடுகிறது: ஒரே மாதிரி இரண்டு பொருள், சூசன் தவறானதை எடுப்பாள்.

கோல்ஃப் மைதானத்தில் இரண்டு பந்து. டேவிட்டின் பந்தைத் தன்னுடையது என்று அடித்துக்கொண்டு போகிறாள். அடுத்து இரண்டு கார். அவன் காரை எடுத்து, பக்கத்து வண்டிகளில் இடித்து, அவன் படிக்கட்டுப் பலகையில் தொற்றிக்கொண்டிருக்கும்போதே ஓட்டிச் செல்கிறாள். ஹோட்டலில் இரண்டு கைப்பை. அவள் மனநல மருத்துவரின் மனைவியுடைய பையை எடுத்துக்கொடுக்க, திருட்டுப் பட்டம் டேவிட் தலையில் விழுகிறது. கனெக்டிகட் போகும் வழியில் மறுபடி கார், இந்த முறை அதே மருத்துவருடையது. கடைசியில் இரண்டு சிறுத்தை: அண்ணன் பிரேசிலில் இருந்து அனுப்பிய சாது 'பேபி', சர்க்கஸில் ஆளைக் கடித்ததால் கொல்லக் கொண்டுபோகப்படும் இன்னொன்று. சிறைக் காட்சியில் இந்த விசை மனிதர்கள் மேலேயே திரும்புகிறது. பணக்கார வீட்டுப் பெண் சூசன், 'ஸ்விங்கிங் டோர் சூசி' என்ற கொள்ளைக்காரியாகத் தன்னையே இரண்டாக்கிக் கொள்கிறாள்.

ஒவ்வொரு முறையும் பொருள் பெரிதாகிறது, ஆபத்தும் பெரிதாகிறது. பந்தில் தொடங்கியது உயிர்ப்பலி வாங்கும் மிருகத்தில் முடிகிறது. பார்வையாளர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் இரண்டாவது சிறுத்தை திரையில் வந்ததும் 'ஐயையோ, இப்போது இதைத்தான் திறந்துவிடப் போகிறாள்' என்று மனம் முன்கூட்டியே பதறுகிறது. அந்தப் பதற்றத்தைக் கோல்ஃப் பந்திலேயே விதைத்துவிட்டார்கள்.

ஹெப்பர்னுக்குச் சிரிக்க வைக்கத் தெரியவில்லை

டேவிட் வேடத்துக்கு ரொனால்ட் கோல்மன், ராபர்ட் மான்ட்கோமரி, ஃப்ரெட்ரிக் மார்ச் ஆகியோரை அணுகிய பிறகுதான் கிராண்ட் வந்தார். கிராண்டுக்கும் தயக்கம் இருந்தது. இப்படி ஓர் அறிவாளியை எப்படி நடிப்பது என்று கேட்டவருக்கு ஹாக்ஸ் காட்டிய முன்மாதிரி மௌனப்பட நடிகர் ஹெரால்ட் லாயிட். அந்த வட்டக் கண்ணாடி அங்கிருந்து வந்ததுதான்.

பெரிய சிக்கல் ஹெப்பர்ன். நாடகத்தனமான கனமான வேடங்களில் பேர் வாங்கியவர். ஆரம்ப நாட்களில் தான் நகைச்சுவை செய்வதாக அவர் ஒவ்வொரு வரியிலும் காட்டிக்கொண்டிருந்தார், தன் வசனத்துக்குத் தானே சிரித்தார். சூசன் தன்னை வேடிக்கையானவள் என்று நினைத்துவிட்டால் படம் அங்கேயே செத்துவிடும். ஹாக்ஸ் பலமுறை சொல்லியும் மாறவில்லை.

அப்போது அவர் எடுத்த வழி, இயக்குநர்கள் இன்றைக்கும் படிக்க வேண்டிய பாடம். 'சீக்ஃபீல்ட் ஃபாலீஸ்' என்ற நியூயார்க் கேளிக்கை மேடையில் பழுத்த நகைச்சுவை நடிகர் வால்டர் கேட்லெட்டை அழைத்து, ஹெப்பர்னின் பகுதியை கிராண்டுடன் நடித்துக்காட்டச் சொன்னார். கேட்லெட் ஒரு சிரிப்புகூட இல்லாமல், உலகமே அந்த விஷயத்தில்தான் தொங்குகிறது என்பது போல நடித்தார். ஹெப்பர்ன் புரிந்துகொண்டார். இவரைப் படம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே கேட்டதால், கேட்லெட் கான்ஸ்டபிள் ஸ்லோகம் ஆனார். வாயால் திருத்தம் சொல்வதற்கும் ஒரு கைதேர்ந்தவரைக் கண்முன் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து ஸ்டுடியோ காலத்தில் குறைவு.

நேரம் போன வழி

தொடங்குவதே தாமதம். செப்டம்பர் 1 என்று குறித்திருந்தார்கள். 'ஐ கான்ட் கிவ் யூ எனிதிங் பட் லவ், பேபி' என்ற 1928-ஆம் ஆண்டுப் பாட்டின் உரிமை கைக்கு வராததாலும், கொலம்பியாவில் 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்தை முடித்துவிட்டு கிராண்ட் வர வேண்டியிருந்ததாலும் மூன்று வாரம் தள்ளிப்போனது. சிறுத்தையை மயக்கும் பாட்டு அது. வேறு பாட்டை மாற்றிப்போட முடியாது.

பிறகு ஹாக்ஸின் முறை. எழுதிய பக்கத்தை அப்படியே படமாக்குவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. காலையில் நடிகர்களை உட்கார வைத்துக் காட்சியைப் பேசச் சொல்வார், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சை ஏற்றுவார், புதிய வரி கிடைத்தால் சேர்ப்பார். எலும்பு எங்கே என்று டேவிட் கேட்கும் ஒரு காட்சி காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி தாண்டியும் முடியவில்லை. ஹெப்பர்னும் கிராண்டும் சிரிப்பை அடக்க முடியாமல் டேக் டேக்காகக் கெடுத்தார்கள்.

இந்தத் தாராளத்தில்தான் படத்தின் சிறந்த கணங்கள் பிறந்தன. காட்டில் நடக்கும்போது ஹெப்பர்னின் செருப்புக் குதிகால் நிஜமாகவே உடைந்தது. மலைச்சரிவில் பிறந்தவள் நான் என்று சொல் என்று கிராண்ட் காதோடு சொல்ல, அவர் நொண்டிக்கொண்டே சொன்னார். அது படத்தில் நின்றது. ஹோட்டலில் சூசனின் கவுன் பின்பக்கம் கிழிய, டேவிட் தொப்பியால் மறைத்து, பிறகு அவளோடு ஒட்டிக்கொண்டு ஒரே தப்படியில் வெளியேறும் காட்சி, நியூயார்க்கின் ராக்ஸி தியேட்டரில் கிராண்டுக்கே நேர்ந்த ஒரு சங்கடத்தில் இருந்து வந்தது. அவர் சொல்லக் கேட்ட ஹாக்ஸ் படத்தில் வைத்துவிட்டார். கால் கணக்குப் பிசகினால் கெட்டுவிடும் காட்சி. இருவரின் இடது காலும் ஒன்றாக எழ வேண்டும், வேகம் குறையக் கூடாது, முகத்தில் அவசரம் இருக்க வேண்டும்.

ரஸ்ஸல் மெட்டியின் ஒளிப்பதிவு இதற்கெல்லாம் இடம்கொடுத்து ஒதுங்கி நிற்கிறது. கேமரா கண்மட்டத்தில் இருக்கும். இரண்டு பேரும் முழங்கால்வரை தெரிவார்கள். குளோசப் குறைவு. வேகம் வெட்டுகளில் இல்லை, வாயிலும் காலிலும் இருக்கிறது. தலைப்பும் முடிவும் போக, பின்னணி இசையும் அநேகமாக இல்லை. இசை இருந்தால் அந்தப் பேச்சுக்கு மூச்சு விட இடம் இருக்காது.

சிறுத்தை

படத்தில் நடித்த நிஸ்ஸா, மனிதரோடு பழக்கப்பட்ட சிறுத்தை; சினிமாவில் எட்டு வருட அனுபவம் உண்டு. பயிற்சியாளர் ஓல்கா செலெஸ்ட் எப்போதும் சாட்டையோடு கேமராவுக்கு வெளியே நிற்பார். பேபியும் நிஸ்ஸாதான், சர்க்கஸ் சிறுத்தையும் நிஸ்ஸாதான்.

ஹெப்பர்னுக்குப் பயம் இல்லை. மிருகத்தை அமைதிப்படுத்த வாசனைத் திரவியத்தைத் தாராளமாகப் பூசிக்கொண்டு அதோடு நெருங்கி நடித்தார். ஒருநாள் அவர் பாவாடை விளிம்பில் அழகாகச் சுழல்வதற்காகச் சின்ன உலோக எடைகள் தைத்திருந்தார்கள். அவர் சட்டெனத் திரும்ப, பாவாடை வீசி அசைய, நிஸ்ஸா அவர் முதுகைக் குறிவைத்துப் பாய்ந்தது. செலெஸ்டின் சாட்டை சரியான நேரத்தில் இறங்கியதால் தப்பித்தார். பூனை இனத்துக்கு ஆடும் விளிம்பு என்றால் இரை. உடை வடிவமைப்பையும் மிருகக் காட்சியையும் தனித்தனியாகத் திட்டமிட்டதுதான் இதில் நடந்த பிழை. கிராண்ட் கிட்டேயே போகவில்லை. அவர் காலை நிஸ்ஸா உரசும் ஷாட்டுகளில் டூப் காலே தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்ட ஹெப்பர்ன், ஒரு பொம்மைச் சிறுத்தையை கிராண்டின் ஒப்பனை அறைக் கூரைத் திறப்பு வழியாக உள்ளே போட்டுவிட்டார்.

நடிகரும் மிருகமும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும், ஆனால் ஒன்றாக நிற்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் தந்திரக் காட்சி நிபுணர் லின்வுட் டன் முக்கியமானவர். எடுத்த படச்சுருள்களை மறுபடி படமெடுத்து ஒன்றுசேர்க்கும் ஆப்டிகல் பிரின்டர் என்ற கருவியில் அவர் செய்த அடிப்படை வேலை இதுதான்: கேமராவை அசையாமல் பூட்டி ஒருமுறை நடிகரை எடுப்பது, அதே இடத்தில் இன்னொருமுறை சிறுத்தையை எடுப்பது, பிறகு இரு படச்சுருள்களின் பாதிகளை ஒன்றாக அச்சிடுவது. ஒட்டு தெரியாமல் இருக்க அதைக் கதவு விளிம்பு, தூண், நிழல் போன்ற நேர்கோடுகளில் வைக்க வேண்டும். கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும், இரண்டு முறைக்கும் வெளிச்சம் மாறினாலும் கோடு தெரிந்துவிடும்.

சிறையில் சூசன் கயிற்றைக் கட்டி நிஜமான கொடிய சிறுத்தையை இழுத்துவரும் இடத்தில் இது இன்னும் கடினமாகிறது. அவள் நடக்க நடக்க ஒட்டுக்கோடும் அவளோடு நகர வேண்டும். கயிறோ அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கிறது. சில நொடிகளுக்கு இவ்வளவு பாடு. கார் பின்னிருக்கையில் சிறுத்தை தெரியும் ஷாட்டுகள் போன்றவற்றில் முன்பே எடுத்த படத்தைப் பின்திரையில் ஓடவிட்டு முன்னால் நடிக்க வைத்தார்கள். எதுவானாலும் ஒரு ஷாட்டுக்கு இரண்டு முறை படப்பிடிப்பு.

பணம் போன வழி

மிருகமும் தந்திரக் காட்சியும்தான் செலவை ஏற்றியிருக்கும் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. ஸ்டுடியோ வாடகை, கருவிகள் திட்டத்தைவிடப் பெரிதாகக் கூடவில்லை. பெரிதாகக் கூடியது சம்பளம்தான். ஹெப்பர்னுக்கு 72,500 டாலர் என்று இருந்தது 1,21,680 ஆனது. கிராண்டுக்கு 75,000 என்பது 1,23,437. ஹாக்ஸுக்கு 88,046 என்பது 2,02,500. கால்ஷீட் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் பெரிய நடிகர்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆர்.கே.ஓ. 1933 முதல் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த நிறுவனம். 40 நாள் அதிகப்படி அதற்குச் சின்ன விஷயம் இல்லை.

எடிட்டர் ஜார்ஜ் ஹைவ்லி படப்பிடிப்போடு கூடவே வெட்டிக்கொண்டு வந்ததால், முடிந்த சில நாட்களில் முதல் வடிவம் தயார். 10,150 அடியாக இருந்ததை 9,204 அடிக்கு, அதாவது 102 நிமிடத்துக்குக் குறைத்தார்கள். பிப்ரவரி 16 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் தியேட்டரில் முதல் காட்சி. அங்கேயும் லாஸ் ஏஞ்சலஸ், போர்ட்லாண்ட், டென்வர், சின்சினாட்டி, வாஷிங்டன் நகரங்களிலும் நன்றாக ஓடியது. மத்திய மேற்கு மாநிலங்களில் படுத்துவிட்டது. மார்ச் 3 அன்று நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் வந்து, 70,000 டாலர் வசூலித்து, ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஃபிராங்க் நுஜென்ட், எல்லாம் பழைய சரக்கு என்று தள்ளினார்.

உள்நாட்டில் 7,15,000 டாலர், வெளிநாட்டில் 3,94,000 டாலர், ஆக 11,09,000 டாலர் ஸ்டுடியோவுக்கு வந்தது. எடுத்த செலவை அது ஈடுகட்டியது. பிரின்ட், விளம்பரம், விநியோகச் செலவு சேர்ந்ததும் 3,65,000 நஷ்டம். இப்போது திட்டத்தை மீறிய தொகையைப் பாருங்கள்: 3,29,120 டாலர். மற்றதெல்லாம் அப்படியே இருந்து படம் பட்ஜெட்டுக்குள் முடிந்திருந்தால் நஷ்டம் சுமார் 36,000 டாலரோடு நின்றிருக்கும். மக்கள் வெறுத்து ஒதுக்கிய படம் என்று காலங்காலமாகச் சொல்வது தவறு. சுமாரான கூட்டம் பார்த்த, அளவுக்கு மீறிச் செலவழித்த படம் என்பதே சரி. 1940, 1941-ல் மறுவெளியீடு செய்தபோது மேலும் 1,50,000 டாலர் வந்தது.

ஆனால் பழி ஆட்களின் மேல் விழுந்தது. ஆர்.கே.ஓ. ஹாக்ஸிடம் இருந்து 'கங்கா தின்' படத்தைப் பிடுங்கி, மார்ச் 21 அன்று 40,000 டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. மே மாதம் தனியார் தியேட்டர் உரிமையாளர் சங்கத்தின் சார்பில் ஹாரி பிரான்ட் கொடுத்த விளம்பரம், வசூலுக்கு விஷமான நட்சத்திரங்கள் என்று ஒரு பட்டியலிட்டது. அதில் ஹெப்பர்னும் இருந்தார். ஒரு சாதாரணப் படத்தில் நடிக்கச் சொன்ன ஸ்டுடியோவிடம் இருந்து பணம் கொடுத்துத் தன் ஒப்பந்தத்தை மீட்டுக்கொண்டு அவர் வெளியேறினார்.

ஹாக்ஸ் சொன்ன குறை

பிற்காலத்தில் ஹாக்ஸ் தன் படத்தில் ஒரே ஒரு பெரிய தவறைக் கண்டார்: இதில் எல்லோருமே கிறுக்கர்கள். தோட்டக்காரனோ கிராமத்துப் போலீஸ்காரனோ சாதாரண மனிதனாக இருந்திருந்தால் மற்றவர்களின் கிறுக்கு இன்னும் எடுத்துத் தெரிந்திருக்கும் என்றார். 1940-ல் வெளியான 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே'யில் ரால்ஃப் பெல்லமியை அப்படி ஒரு சாதாரண ஆளாக நிறுத்தி, படம் முழுக்க அவரை நிலைக்கல்லாகப் பயன்படுத்தினார்.

இந்தக் குறையில் பாதி உண்மை. குடிகாரத் தோட்டக்காரன், சிறுத்தைக் குரல் எழுப்பும் மேஜர், எதையும் நம்பாத கான்ஸ்டபிள், கண் துடிக்கும் மனநல மருத்துவர் என்று எல்லோரும் சிறைச்சாலையில் கூடும்போது படம் நிலையிழந்து தடுமாறுவது தெரிகிறது. அந்தக் காட்சி நீளம், சத்தமும் அதிகம். ஆனால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு நிலைக்கல் இருக்கத்தான் செய்கிறது. டேவிட்தான் அது. 30 பவுண்டு மாட்டிறைச்சி வாங்கும்போதும், பெண்களின் இறகு வைத்த அங்கியில் வாசலில் நிற்கும்போதும், நாய் புதைத்த எலும்பைத் தேடித் தோட்டம் முழுக்கத் தோண்டும்போதும் அவன் முகத்தில் ஒரு நியாயமான மனிதனின் வேதனை இருக்கிறது. அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதே கதை. வெளியில் இருந்து இன்னொரு சாதாரண ஆளைக் கொண்டுவந்திருந்தால், நம் பார்வை டேவிட்டை விட்டு அவனிடம் போயிருக்கும்.

கடைசிக் காட்சியில் சூசன் காணாமல் போன எலும்பைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஏணியில் ஏறி, டைனோசரின் உயரத்தில் நின்று பேசிக்கொண்டே ஆடுகிறாள். ஏணி சாய, எலும்புக்கூட்டின் மேல் தாவ, நான்கு வருட வேலை அவள் கால்களுக்குக் கீழே சரிகிறது. டேவிட் அவளை ஒற்றைக் கையால் பிடித்து மேடைக்குத் தூக்குகிறான். கிராண்ட் சிறுவயதில் பாப் பெண்டர் குழுவில் கழைக்கூத்து பழகியவர். கையைப் பிடிக்கக் கூடாது, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும் என்று ஹெப்பர்னுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதும் ஹெப்பர்ன் பிடியை விட்டார், கிராண்ட் தூக்கினார்.